மூன்றரை டிகிரி கடல்

புருஷன் பேரை வாயால் சொன்னால் எங்கள் தெருவில் இன்னும் முறைப்பார்கள். எழுதினால் யாரும் முறைக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்: சடையப்பன். மரக்காணம் உப்பளத்தில் இருபத்திரண்டு வருஷமாக மேஸ்திரி. அவருடைய முக்கியமான வேலை டிகிரி பார்ப்பது. ஒரு கண்ணாடிக் குழாயைத் தண்ணீரில் மிதக்கவிட்டால், தண்ணீர் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு உயரத்துக்கு அது எழும்பி நிற்கும். அதில் இருக்கும் கோட்டைப் படித்து, எந்தப் பாத்தித் தண்ணீரை எந்தப் பாத்திக்குத் திறந்துவிடலாம் என்று சொல்ல வேண்டும். கடல் தண்ணீர் மூன்றரை டிகிரி. இருபத்தைந்தில் உப்பு பூக்கும். முப்பதை நெருங்கினால் மிச்சம் வெறும் கசப்புத் தண்ணீர்தான். வரப்பை வெட்டி வெளியே விட்டுவிடுவார்கள். கல்யாணமான புதிதில் நான் வைத்த ரசத்தில்கூட அந்தக் குழாயை விட்டுப் பார்த்த மனுஷர் அவர். எத்தனை டிகிரி என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

நான் பாஞ்சாலை, பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். என்னோடு சமையல் வேலை பார்த்தவள் மங்கம்மா. கடலோரக் குப்பத்திலிருந்து நடந்தே வருவாள். பதினோரு வருஷம் ஒரே அடுப்படியில் இருந்தோம். நான் கோபப்பட்டால் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சிரிப்பாள், அவ்வளவுதான் அவளுடைய பதில். 2004 டிசம்பர் இருபத்தாறு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிக்கூடம் இருந்திருந்தால் என்னோடு இருந்திருப்பாள். லீவு என்பதால் கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள்தான் கிடைத்தாள்.

அடக்கம் முடிந்து வந்ததும் வீட்டுக்காரரை நிறுத்திச் சத்தியம் கேட்டேன். "இனிமே கடல் பக்கம் நீங்களும் போகக் கூடாது, நானும் போக மாட்டேன்." என் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினார்.

உப்பளத்தை அந்த அலை சேறாக்கிவிட்டுப் போயிருந்தது. கடல் தண்ணீர் வரும் வாய்க்கால் முழுக்க மணல். அந்த வருஷம் பாத்தி கட்ட முடியாது என்று ஆகிவிட்டது. மேட்டில் கீற்று போட்டு மூடியிருந்த போன வருஷத்து உப்புக் குவியல் மட்டும் தப்பியது. அதற்குக் காவலாக இவரை வைத்தார்கள். டிகிரி பார்க்கத் தண்ணீரே இல்லாத இடத்தில் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில்தான் ஒரு கல்லைக் கண்டுபிடித்தார்.

அலை விட்டுப்போன தண்ணீர் தேங்கிய ஒரு பாத்தியில் அது கிடந்திருக்கிறது. தேங்காய் அளவுக் கல், மேலெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் குழாய்கள். ஒவ்வொரு குழாயிலிருந்தும் சின்ன விசிறி ஒன்று, சிவப்பும் வெள்ளையுமாக. குனிந்து பார்த்தபோது இவர் நிழல் விழுந்ததும் எல்லா விசிறியும் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டன. உயிரோடு இருக்கிறது!

பிளாஸ்டிக் டப்பில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தவரை நான் வாசலிலேயே மறித்தேன்.

"இன்னாங்க இது?"

"ஏதோ புழுவாட்டம் இருக்குது. பாவம், நம்ம பாத்தியில வந்து மாட்டிக்கிச்சு."

"கடல்லேர்ந்து வந்தது எதுவும் என் வீட்டுக்குள்ள வரக் கூடாது."

டப்போடு கொல்லைப்புறத் தாழ்வாரத்துக்குப் போனார். அது வீட்டுக்குள் இல்லையாம்.

புதுச்சேரியில் கலர் மீன் கடை வைத்திருக்கும் அருண்ராஜைப் பிடித்து, மூலை விரிந்து ஒட்டுப்போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்றையும் காற்று விடும் மோட்டாரையும் வாங்கி வந்தார். பாத்தியில் தேங்கியிருந்த தண்ணீரைக் கேன் கேனாக மொண்டு வைத்து, வாரா வாரம் கொஞ்சம் மாற்றினார். நெத்திலியைக் கசக்கிப் பிழிந்த சாறுதான் சாப்பாடு. விசிறிகளை எண்ணி நோட்டில் எழுதினார்: பத்தொன்பது. ஆக நீளமான குழாயின் நுனி இருக்கும் இடத்தில் கண்ணாடியில் பென்சிலால் கோடு போட்டார். ஜனவரியில் போட்ட கோட்டை பிப்ரவரியில் குழாய் தாண்டியிருந்தது. அதைக் காட்ட என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அவர் குளிக்கப் போன நேரத்தில் போய்ப் பார்த்தேன்.

அப்புறம் தினமும் பார்த்தேன். புழுவுக்குக் கண் இருக்கிறதா, நிழலைத் தோலால் பார்க்கிறதா? அந்தக் குழாயைக் கட்ட அதற்குச் சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? கையை ஆட்டி ஆட்டி விசிறிகளை உள்ளே விரட்டுவதும், எது முதலில் தலைநீட்டும் என்று காத்திருப்பதுமாக எனக்கு நேரம் போனது. சோறு குழைந்ததுகூட ஒருநாள் தெரியவில்லை.

மார்ச்சில் கேன் தண்ணீர் தீர்ந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லை. கடல் இரண்டு மைலில் இருக்கிறது, ஆனால் சத்தியம் இருக்கிறதே. அருண்ராஜ் சீமை உப்புப் பாக்கெட் ஒன்றைக் காட்டினான்.

"இத கலக்குங்கண்ணே, கடல் தண்ணி ரெடி."

"உப்பளத்துக்காரன்கிட்டயே உப்பு விக்கிறியா நீ?" என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார்.

குவியலிலிருந்து உப்பை அள்ளி, குடிக்கிற தண்ணீரில் கரைத்து, டிகிரிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தார். சரியாக மூன்றரை. "கடலை வீட்லயே பண்ணிட்டேன் பாரு" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை டிசம்பருக்கு அப்புறம் அன்றுதான் பார்த்தேன். உப்பு விஷயத்தில் என் வீட்டுக்காரர் தப்புப் பண்ணுவார் என்று நானும் நினைக்கவில்லை.

மே மாதம் விசிறி பதினாலு. ஜூனில் ஒன்பது. புழுக் குழாய்கள் கடைசியாகப் போட்ட பென்சில் கோட்டிலேயே நின்றுவிட்டன. டிகிரி பார்த்தால் மூன்றரை, மறுபடி பார்த்தால் மறுபடி மூன்றரை. டிகிரிக் குழாய் கெட்டுப்போய்விட்டதோ என்று புதுசு வாங்கினார். அதுவும் மூன்றரைதான் காட்டியது.

கடைசியில் அருண்ராஜ் சென்னையிலிருந்து டெஸ்ட் கிட் ஒன்று வரவழைத்துக் கொடுத்தான். சின்னக் குப்பியில் தொட்டித் தண்ணீரை ஊற்றி ஒரு மருந்து விட்டால் ரோஸ் நிறமாகும். இன்னொரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு எண்ண வேண்டும். நீலமாக மாறும்போது எத்தனை சொட்டோ அவ்வளவு கால்சியம். கடல் தண்ணீருக்கு இருபது சொட்டாவது ஆகும் என்றான். எங்கள் தொட்டி ஏழாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது.

"கால்சியம்னா சுண்ணாம்புதானே?" என்று கேட்டேன்.

பள்ளிக்கூடச் சமையலறை அலமாரியில் மங்கம்மாவின் சுண்ணாம்பு டப்பி அப்படியே இருந்தது. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அதை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன். யாருடையது என்று அவருக்குத் தெரியும். தண்ணீரில் கரைத்து, அடியில் மண்டியைத் தங்கவிட்டு, மேலே நின்ற தெளிவை மட்டும் நூல் திரி வழியாகச் சொட்டவிட்டார். நாலு நாளில் பதினோரு சொட்டு வந்தது. இரண்டு பேரும் குழந்தைப் பிள்ளைகளாகக் கைதட்டினோம். ஐந்தாம் நாள் தொட்டி முழுக்கப் பால் கலந்த மாதிரி வெள்ளைத் தண்ணீர். கண்ணாடியெல்லாம் மாவு. சொட்டு ஆறுக்கு இறங்கியிருந்தது. விசிறி நாலு.

தெருமுனைக் கடைப் போனில் அருண்ராஜ் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. "மெக்னீசியம் இல்லாம கால்சியம் தண்ணியில நிக்காதுண்ணே. உங்க உப்புல அது இருக்காது."

போனை வைத்துவிட்டு வந்து கொல்லையில் உட்கார்ந்தவர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

"பாஞ்சாலை, கடல் தண்ணி காயுறப்ப மொதல்ல சுண்ணாம்புதான் அடியில ஒட்டும். அத நாங்க விட்டுடுவோம். உப்பு எடுத்ததுக்கு அப்புறம் கசப்புத் தண்ணிய வெட்டி வுட்டுடுவோம். அதுலதான் அந்த மெக்னீசியம் போயிட்டு இருந்திருக்குது. இருவத்திரண்டு வருஷமா முன்னாடி உள்ளதையும் பின்னாடி உள்ளதையும் தள்ளிட்டு நடுவுல உள்ளத மட்டும் அள்ளியிருக்கேன். அத கரைச்சிட்டு கடல்னு சொன்னேன் பாரு."

"இப்ப கசப்புத் தண்ணி கெடைக்காதா?"

"அளமே மூடிக் கெடக்குது. கெடைச்சாலும் இன்னும் என்னென்ன வுட்டுப்போச்சோ, யாருக்குத் தெரியும்? குழாய் கெட்டியத்தான் சொல்லும். உள்ள என்ன இருக்குதுன்னு சொல்லாது."

கடலுக்குப் போகட்டுமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், அதோடு போயிருக்கும். கேட்காமல் தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நாலு விசிறியையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. மங்கம்மாவைக் கொண்டுபோன அதே தண்ணீர்தான் இதைக் கொண்டுவந்து எங்கள் பாத்தியில் போட்டது. இதுவும் போய்விடுமா?

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்கு முன்னாடியே கிளம்பினேன். இரண்டு கேன், ஷேர் ஆட்டோ, அப்புறம் மணலில் நடை. ஏழு மாதத்துக்குப் பிறகு கடலைப் பார்க்கிறேன். ஒன்றுமே நடக்காத மாதிரி அலையடித்துக்கொண்டிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் வாயில் வந்தபடி திட்டினேன். வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். திட்டி முடித்ததும் முழங்கால் வரை இறங்கி, முதல் கேனை நிரப்பினேன். அலை இழுத்ததில் இரண்டாவதில் பாதி மணல்.

வீட்டுக்கு வந்து கேனை அவர் முன்னால் வைத்தேன். அவர் என் ஈரப் புடவையைப் பார்த்தார், கேனைப் பார்த்தார். டிகிரிக் குழாயை எடுத்து மிதக்கவிட்டார். மூன்றரை. பிறகு குப்பியில் ஊற்றி, சொட்டை எண்ண ஆரம்பித்தார். பத்து வரைக்கும் அவர் எண்ணினார். அதற்கு மேல் நான் எண்ணினேன். இருபத்தோராவது சொட்டில் நீலமானது.

இது 2006. அளத்தில் மறுபடி உப்பு பூக்கிறது, இவரும் மறுபடி டிகிரி பார்க்கிறார். விசிறி நாலு ஏழாகி, இப்போது பன்னிரண்டு. தொட்டி கூடத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் பென்சில் கோடுகள் நிறைய ஆகிவிட்டன.

வாய்க்காலில் தண்ணீர் வருகிறது, அங்கேயே மொண்டு வரலாம் என்கிறார். நான் விடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கேனை எடுத்துக்கொண்டு நானே போகிறேன், அதே கரைக்கு. அந்தக் கடலை நான் இன்னும் மன்னிக்கவில்லை. தண்ணீர் மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறேன்.