எங்கள் வீட்டுப் பவளத் தொட்டியைக் கெடுத்தது யார்?

போன வருடம் ஐப்பசி மழை ஓய்ந்து, கார்த்திகை பிறந்த சமயம். பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் கோட்டைக்குப்பத்தில் எங்கள் வீடு. வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் மட்டும்தான். அவர் மீன் வண்டி ஓட்டுகிறார். நான் நண்டு கம்பெனியில் உயிர் நண்டைத் தரம் பிரித்துக் கட்டுகிற வேலை பார்க்கிறேன். எங்கள் இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆளாக ஒரு கண்ணாடித் தொட்டி கூடத்தில் உட்கார்ந்திருந்தது. அந்தத் தொட்டியால் எங்கள் குடும்பமே ரெண்டுபட இருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் வளைகுடா நாட்டில் ஒரு பணக்காரர் வீட்டில் டிரைவராக இருந்தார். அந்த வீட்டில் சுவர் அளவுக்குக் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் பவளம் வளர்த்தார்களாம். அதைப் பார்த்ததிலிருந்து இவருக்குப் பைத்தியம். ஊருக்கு வந்ததும் செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு தொட்டி கட்டினார். அதற்குள் மணல், பாறை, அலை அடிக்க ஒரு மோட்டார், மேலே நீல விளக்கு. கூடவே ஆரஞ்சு மீன் ரெண்டு, நத்தைகள், சின்ன இறால். பவளத்தை, இவர் பேச்சில் கோரலை, சென்னையில் ஒரு கடையில் வாங்கினார். கடலில் உடைத்தெடுத்தது இல்லை. கடைக்காரரே தொட்டியில் வளர்த்துப் பிரித்துக் கொடுக்கிற மெத்தென்ற ரகம். ஒன்று காளான் மாதிரி இருக்கும். இன்னொன்று சட்டைப் பித்தான்களைக் கொட்டிவைத்த மாதிரி பாறையில் படர்ந்திருக்கும். விளக்கைப் போட்டால் பச்சையும் ஆரஞ்சுமாக மெல்ல விரியும். பொய் சொல்லக் கூடாது, அழகுதான்.

ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பக்கத்திலேயே கடல் இருக்கும்போது கடலை வீட்டுக்குள் கொண்டுவந்து, அதற்குக் கரண்ட் வேறு கட்டுகிறானே என்று சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இத்தக் கொழம்பு வெக்க முடியுமா?" என்று கேட்டாள். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

சண்டை வந்தது ஒரு மத்தியான வேளையில். மழை முடிந்த புழுக்கம், கரண்ட் இல்லை. காலையிலிருந்து நின்றபடியே நண்டு கட்டிவிட்டு வந்து, அப்பாடா என்று தரையில் படுத்தேன். ஃபேன் ஓடவில்லை. இன்வெர்ட்டரில் இருக்கிற சார்ஜ் தொட்டி மோட்டாருக்கு வேண்டும் என்று ஃபேன் சுவிட்சை அணைத்து வைத்திருக்கிறார்! வந்த ஆத்திரத்தில் என் வாயில் என்ன வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. "இந்தத் தொட்டி என்னிக்கு நாசமாப் போவுதோ, அன்னிக்குத்தான் எனக்கு நிம்மதி" என்று கத்திவிட்டேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அடுத்த சில நாட்களில் பவளம் சுருங்க ஆரம்பித்தது.

முதலில் பித்தான் பவளம். விளக்கு போட்டும் விரியாமல் மொட்டு மொட்டாக மூடியே கிடந்தது. பிறகு காளான் ஓரம் சுருட்டிக்கொண்டது. அவர் முகமும் அதோடு சேர்ந்து சுருங்கிப் போனது. சாப்பாடு இறங்கவில்லை. வண்டியிலிருந்து இறங்கியதும் நேராகத் தொட்டி முன்னால் போய் நிற்பார். நான் பக்கத்தில் போனால் நகர்ந்து நிற்பார்.

முதல் சந்தேகம் தண்ணீர் மேல். எனக்குத் தம்பி முறை ஆகிற ஒருவன்தான் படகில் போகும்போது கேனில் கடல்நீர் மொண்டு வந்து தருவான். அவன் சோம்பேறித்தனத்தில் கடலுக்குப் போகாமல் உப்புக் குறைவான பழவேற்காட்டு ஏரித் தண்ணீரையே பிடித்து வந்து ஏமாற்றுகிறான் என்று நான் நினைத்தேன். அவர் உப்பு பார்க்கும் கருவியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். உப்பு குறைவு! விடுவேனா? அவனைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

"இன்னாக்கா, என் மேலயே டவுட்டா?" என்று அவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டான். "மழத்தண்ணி மொத்தமும் முகத்துவாரம் வழியா கடலுக்குத்தானே ஓடுது? கரையோரம் கடலே இப்ப உப்பு கொறவாத்தான் கீது."

அவன் சொன்னது நியாயம்தான். அதன்பிறகு உள்ளே தள்ளிப் போய் மொண்டு வந்தான். உப்பும் சரியாகிவிட்டது. அதோடு பவளமும் விரிந்திருக்க வேண்டும். ஆனால் விரியவில்லை. முன்பு மூடித்தான் கிடந்தது; இப்போது கரைந்து, பிசுபிசுவென்று பாறையைவிட்டு உரிய ஆரம்பித்தது.

இதற்கு நடுவில் அவர் ஒரு பழைய போர்வையை எடுத்துத் தொட்டி மேல் போட்டு மூடிவைத்தார். எதிர்வீட்டு அக்கா கண்ணு சரியில்லை, அவள் வரும்போது மட்டும் மூடுகிறேன் என்றார். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன். சொல்லப்போனால் எனக்கும் அவள் மேல் லேசாக ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்தது. ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். வீடு பூட்டியிருந்தது. திறந்து பார்த்தால் தொட்டி நாலு பக்கமும் மூடிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டுக்குள் எதிர்வீட்டு அக்கா எங்கிருந்து வரப்போகிறாள்? சாவி அவரிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. அப்போதுதான் சுரீரென்று உறைத்தது. போர்வை எனக்காகப் போட்டது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. தரை துடைக்கிற ஃபினாயில் பாட்டில் இருந்த இடத்தில் இல்லை. மோட்டார் பைக் பெட்டிக்குள் வைத்திருக்கிறார். நான் துடைத்துவிட்டுப் போன வாளியை முகர்ந்து பார்க்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. கட்டின பெண்டாட்டி விஷம் வைப்பாள் என்று நினைக்கிற மனுஷனோடு எப்படி ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிடுவது? வாய்விட்டுக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் கேட்கவே இல்லை. நானும் வீம்புக்கு வாயைத் திறக்கவில்லை. கெடுத்தது யார் என்று நானே கண்டுபிடித்து அவர் மூஞ்சிக்கு நேரே காட்டாமல் விடுவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன்.

அவர் இல்லாத நேரத்தில் போர்வையை விலக்கித் தொட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று புரிந்தது. பட்டைபோட்ட ஆரஞ்சு மீன் ரெண்டும் ஜோராக நீந்திக்கொண்டிருந்தன. செத்தது நத்தையும் சின்ன இறாலும்தான். கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் மல்லாந்து விழுந்து கிடந்தன. ஃபினாயில் பட்டிருந்தால் முதலில் மீனல்லவா செத்திருக்க வேண்டும்? மீனை விட்டுவிட்டு நத்தையையும் இறாலையும் பவளத்தையும் மட்டும் கொல்லுகிற விஷம் எது?

பவளம் கொடுத்த சென்னைக் கடைக்காரருக்குப் போன் போட்டேன். அந்த ஆள் மேலும் எனக்குச் சந்தேகம்தான். சீக்குப் பிடித்ததைத் தலையில் கட்டியிருப்பாரோ என்று. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, "தண்ணியில செம்பு கலந்திருக்குதும்மா. மீன் தாங்கும், மத்ததெல்லாம் செத்துடும்" என்றார். சோதித்துப் பார்க்கிற மருந்து தன்னிடமே இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். ஆகா, வியாபாரத்தை ஆரம்பித்துவிட்டாரே என்று நினைத்தேன். இருந்தாலும் என் வீட்டுக்காரரிடம் சொல்லி வாங்கிவரச் செய்தேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவரும் வீட்டில் இருந்தார். கேனில் வந்த கடல்நீரில் மருந்துச் சொட்டை விட்டோம், நிறம் மாறவில்லை. தொட்டியில் ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்குப் பதிலாக அவர் கடையில் வாங்கி ஊற்றுகிற நல்ல தண்ணீரிலும் மாறவில்லை. தொட்டித் தண்ணீரில் விட்டதும் பளிச்சென்று மாறியது. கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. என் வீட்டுக்காரர் அந்தச் சின்னக் கண்ணாடிக் குப்பியைப் பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிச் சமையலறையைப் பார்த்தார். அங்கே, நான் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைக்கிற செம்புக் குடம்.

"அந்தக் கொடத்துத் தண்ணிய இதுல ஊத்துனியா?" என்று கேட்டார். இத்தனை நாள் மனதில் வைத்திருந்தது கடைசியில் வாய்வழியாக வந்துவிட்டது.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஊத்தல. என் அம்மா மேல சத்தியம் ஊத்தல. செம்பு உள்ளதான் கீதுன்னா உன் கண்ணு எதிர்லயே எடுத்துக் காட்டறேன், இரு மாமா" என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். வாளியைக் கொண்டுவந்து வைத்துப் பாறைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அதில் போட்டேன். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தேன். ஒயர் எதுவும் பிய்ந்திருக்கவில்லை. பிறகு மணலுக்குள் கையை விட்டு முன்பக்கத்திலிருந்து துழாவிக்கொண்டே போனேன். பின்பக்க மூலைக்குக் கை போனபோது அவர் குரல் மாறியது.

"அங்க வேணாம்மே. உடு. நானு பாத்துக்கறேன்."

"ஏன்? அங்க இன்னா கீது?"

அவர் என் கையைப் பிடிக்க வந்தார். அதற்குள் என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. வெளியே எடுத்தேன். விரல் நீளத்துக்குச் சுருட்டிய ஒரு தகடு. சாயம் போன சிவப்புக் கயிறு சுற்றியிருந்தது. மேலெல்லாம் பச்சைப் பாசி மாதிரி களிம்பு. நகத்தால் சுரண்டினால் உள்ளே செம்பு மின்னியது. திருஷ்டிக்கு மந்திரித்துக் கொடுப்பார்களே, அந்தத் தகடு.

எனக்குச் சட்டென்று கோபம்கூட வரவில்லை. ஒன்றும் புரியாத மாதிரி அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பவளம் முதல்தடவை சுருங்கியதுமே, அதாவது மழைத்தண்ணீரால் சுருங்கியபோதே, ஆந்திர எல்லை தாண்டி யாரோ ஒருவரிடம் போயிருக்கிறார். அந்த ஆள் மந்திரித்துக் கொடுத்ததைக் கொண்டுவந்து மணலுக்கடியில் புதைத்திருக்கிறார். இத்தனைக்கும் செம்பு கலந்த மீன் மருந்து என்றால் வாசப்படி தாண்ட விடமாட்டார். பவளத்துக்கு ஆகாது என்று எனக்கே பாடம் எடுத்தவர். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

"அது செம்புன்னே எனக்குத் தோணலமே" என்றார் தலையைத் தூக்காமல். "சாமித் தகடுன்னுதான்..."

"யார் கண்ணுக்குப் போட்டது?"

அவர் விரலால் தரையைக் கீறிக்கொண்டே சொன்னார். "அவரு உன் பேரெல்லாம் சொல்லல. ஊட்டுக் கண்ணுன்னு மட்டும்தான் சொன்னாரு."

"ஊட்ல நீயும் நானும்தானே கீறோம், மாமா?"

பைத்தியக்காரி மாதிரி ஈரக்கையோடு நின்று அழுதேன். அன்று கோபத்தில் நான் சொன்னது என் வாய்க்கொழுப்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக என் பார்வையையே விஷம் என்று நம்பி, எனக்கு எதிராகக் காவல் வாங்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, பக்கத்திலேயே என்னோடு பாயில் படுத்திருந்தாரே மனுஷன்! அதுதான் தாங்கவில்லை.

மறுநாள் காலையில் படகேறிப் பசியாவரத்தில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். சும்மா வந்தேன் என்றுதான் சொன்னேன். அம்மா நம்பவில்லை. அவர் போன் செய்தார், நான் எடுக்கவில்லை. நேரில் வரட்டும் என்று இருந்தேன். வராவிட்டால் என்ன செய்வது என்று உள்ளுக்குள் பயமும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வந்தார். தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றார். அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் இருக்கும்போதே, "கோரலக் கெடுத்தது நான்தான். இவ மேல பழியப் போட்டேன். என்னை எது வேணா கேளுங்க" என்றார். அண்ணனுக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. "கோரல்னா இன்னா மச்சான், யாரு அது?" என்றான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் உடனே கிளம்பிவிடவில்லை. சாப்பிட்டு முடித்து, அவரைக் கொஞ்சம் காக்க வைத்துத்தான் கிளம்பினேன்.

வீட்டுக்குள் நுழைந்தால் மணல் முழுவதையும் மாற்றியிருந்தார். தண்ணீரைப் பலதடவை மாற்றி, கரி வைத்து வடிகட்டி, போர்வையைக் கொண்டுபோய் எங்கேயோ போட்டிருந்தார். பவளம் பெரும்பாலும் போய்விட்டது. வெறும் பாறைதான். நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி முன்னால் நிறுத்தினார். பாறை இடுக்கில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரே ஒரு காளான், ஓரம் கிழிந்து, பாதி விரிந்து இருந்தது.

"நீ பாரு" என்றார்.

"வேணாம். என் கண்ணு பட்டுடப் போவுது" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"பட்டா படட்டும்மே" என்றார். "நீ பாரு. நல்லாப் பாரு."

அந்தக் காளான் பிழைத்துக்கொண்டது. இப்போது பிரிந்து பிரிந்து நாலைந்து ஆகியிருக்கிறது. காலையில் விளக்கு போடுவது நான்தான். ஆனாலும் அவர் எப்போதாவது பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தால், "இன்னா நெனைக்கிற, வாயத் தொறந்து சொல்லு மாமா" என்று கேட்டு, பதில் வருகிறவரை அந்த இடத்தைவிட்டு நான் நகர்வதில்லை.