எண்ணெய்க்குக் கையெழுத்துப் போட்ட கிழமை

எங்கள் வீட்டு நிலவறையில் ஓர் எண்ணெய்த் தாங்கி நிற்கிறது. வயிறு பெருத்த கன்றுத்தாச்சி மாடு ஒன்றின் அளவு இருக்கும். அதன் தலையில் சின்னக் கண்ணாடிக் குமிழ், உள்ளே ஒரு சிவப்பு மிதவை. ஐப்பசி பிறந்துவிட்டால், காலையில் தேத்தண்ணிக்குக் கேத்தல் வைக்க முதல் படியிறங்கிப் போய், அந்தச் சிவப்பு எவ்வளவு கீழே போயிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஊரில் எண்ணெய் என்றால் தலைக்கு வைப்போம், குசினியில் ஊற்றுவோம், கோயில் விளக்குக்குக் கொடுப்போம். இங்கே வீடு குடிக்கிறது. அதுவும் கொஞ்ச நஞ்சமாகவா குடிக்கிறது! மனிசர் பட்டினி கிடந்தாலும் வீடு கிடக்கக் கூடாது. கிடந்தால் சுவருக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடித்து, வசந்தத்தில் வீடு முழுக்க வெள்ளமாகப் போய்விடும்.

டொரோண்டோவில் இருக்கிற நம் சனத்துக்கு இந்தக் கதை விளங்காது. அவர்களுக்குக் குழாயில் வாயு வருகிறது, மாதம் முடியப் பில் வருகிறது, அவ்வளவுதான். நாங்கள் இருப்பது நோவா ஸ்கோஷியாவில் ஒரு சின்ன மீன்பிடித் துறைமுகம். இவருக்கு மீன் தொழிற்சாலையில் குளிரூட்டும் யந்திரங்களைப் பார்க்கிற வேலை, எனக்கு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை. திருகோணமலைக்காரருக்குக் கடல் இல்லாமல் இருக்க ஏலாது என்று சொல்லித்தான் இவர் என்னை இங்கே கொண்டுவந்தார். கடல் இருக்கிறதுதான், கால் வைக்கத்தான் ஏலாது.

ஒவ்வொரு வருடமும் நல்ல வெயில் எறிக்கிற ஆடி மாதத்தில், எண்ணெய்க் கம்பனியிடமிருந்து ஒரு கடிதம் வரும். வரப்போகிற குளிர்காலத்து எண்ணெய்க்கு இன்றைக்கே ஒரு விலை சொல்லுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு முன்பணத்தைக் கட்டினால், சித்திரை வரைக்கும் அதே விலை. சந்தையில் ஏறினால் எங்களுக்கு லாபம், இறங்கினால் அவர்களுக்கு. கட்டாவிட்டால் அன்றன்றைய விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். இருபது வருடமாக இந்த முடிவை இவர்தான் எடுத்து வந்தார். வானொலிச் செய்தி கேட்டு, தாடையைச் சொறிந்து, யோசித்து யோசித்து, பெரும்பாலும் பிழையாகவே எடுப்பார். நானும் விடாமல் நக்கலடிப்பேன்.

நான் சொல்லப் போவது, ஊரில் பெற்றோலுக்குச் சனம் வரிசையில் நின்ற வருடத்தின் கதை. அந்த வருடம் இங்கேயும் எண்ணெய் விலை கண் மண் தெரியாமல் ஏறியிருந்தது. கம்பனி சொன்ன விலையைப் பார்த்து இவர் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் ஏதாவது இரக்கம் எழுதியிருக்குமோ என்று. இன்னும் ஏறும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். எங்களுக்குத் தந்த தவணை ஐந்து நாள்.

அங்கே திருகோணமலை மட்டிக்களியில் என் அண்ணா ஓட்டோ ஓடிக்கொண்டிருந்தார். எனக்கு உடன்பிறப்பு என்று இருந்தது அவர் ஒருவர்தான். சீனன்குடாப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், காட்டுக்குள்ளே எத்தனை பெரிய எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன என்று. அந்த ஊரிலே இருந்துகொண்டு, ஓட்டோவுக்குப் பெற்றோல் அடிக்க அண்ணா இரண்டு நாள் வெயிலில் வரிசையில் நின்றார். நின்ற இடத்திலேயே ஒருமுறை தலைசுற்றி இருந்துவிட்டார் என்று மச்சாள் சொன்னபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. மச்சாள் என்றால் அண்ணாவின் மனைவி; அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆள் மெலிந்து போனார், சாப்பாடு இறங்குதில்லை, கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்டச் சொல்லி டொக்டர் சொல்லுறார் என்றாள். கொழும்புக்குப் போக வாகனம் பிடித்தால் எண்ணெய் இல்லை, எண்ணெய் கிடைத்தால் வாகனம் இல்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு தொகை. அதை எண்ணெய்க்குக் கட்டலாம், அல்லது நான் விமானச் சீட்டு எடுக்கலாம். இரண்டுக்கும் காணாது. ஐந்து நாளுக்குள் முடிவெடுக்க வேண்டியது எண்ணெயைப் பற்றி என்றுதான் கடிதத்தில் இருந்தது. நான் முடிவெடுக்க இருந்ததோ அண்ணாவைப் போய்ப் பார்ப்பதா இல்லையா என்பதை. இவர் அந்த முறை தாடையைச் சொறியவில்லை. உம்மட அண்ணா, நீரே யோசியும், எதுக்கும் அவரை ஒருக்காக் கேட்டுப் பாரும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நான் தொலைபேசியில் கேட்டேன். எனக்குக் காலை, அவருக்குப் பின்னேரம். யாரோ பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“அண்ணா, நான் ஒருக்கா வரட்டோ?”

அவர் சொன்னார்: “இப்ப வராத. வந்தாலும் எயார்போட்டில இருந்து உன்னை இஞ்ச கொண்டுவர ஆரிட்டயும் எண்ணெய் இல்லை. கரண்டும் இல்லை. எனக்கு ஒண்டுமில்லை, வெறும் வயித்தெரிவு. மாரி கழிய ஆறுதலா வா.”

சரியண்ணா என்றேன். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அதை இன்றைக்கு எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

எப்படி அந்த வார்த்தையை அப்படியே எடுத்தேன் என்று பிறகு நெடுக யோசித்திருக்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், இப்போது டொரோண்டோவில் படிக்கிற மகளைப் பெற்று வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஒரு பானை நிறைய சூப் கொண்டுவந்து வாசலில் நின்றாள். எனக்கோ குடலைப் பிடுங்குகிற பசி. ஆனால் நீட்டினவுடனே வாங்கினால் என்ன நினைப்பாள்? வேண்டாம், உங்களுக்கு ஏன் வீண் சிரமம் என்றேன். இன்னும் இரண்டு தரம் வற்புறுத்துவாள், பிறகு வாங்கலாம் என்று கையைக்கூட முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவள் சரியென்று சிரித்துவிட்டுத் திரும்பிப் போனாள். பனிக்கு மேலால் அந்தப் பானை ஆவி பறக்கப் போகிறதை யன்னலால் பார்த்து அழுதேன். பிறகு பழகிவிட்டது. இங்கே கேள்வி ஒரு தரம், பதில் ஒரு தரம். வேண்டாம் என்றால் வேண்டாம், வராதே என்றால் வராதே. நல்ல வசதியான பழக்கம் என்று நானே பலரிடம் மெச்சிச் சொல்லியிருக்கிறேன்.

கடிதம் வந்த மூன்றாம் நாள் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தேன். ஓர் இளம் பெண், நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். குளிர்காலம் முழுக்க வீட்டில் ஆள் இருக்குமா என்று கேட்டாள். இருப்போம், என்னுடைய அண்ணாவுக்குச் சுகமில்லை, ஆனாலும் இருப்போம் என்றேன். அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். அப்படியென்றால் வீட்டை இன்னும் கொஞ்சம் சூடாக வைத்திருக்க வேண்டி வருமே, ஒப்பந்தத்தில் எண்ணெயின் அளவைக் கூட்டிப் போடட்டுமா என்று கேட்டாள். அவர் இந்த வீட்டில் இல்லை, வெயில் உள்ள இடத்தில் இருக்கிறார் என்றேன். அப்போ நல்லது என்றாள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன், முன்பணமும் போய்ச் சேர்ந்தது. இனி விலை ஏறினாலும் எங்களுக்குக் கவலையில்லை என்று இவருக்கும் சொன்னேன்.

ஐப்பசி மழை தொடங்கின கிழமை அண்ணா போய்விட்டார். கொழும்புக்குக் கொண்டுபோனபோது நோய் கைகடந்து போயிருந்ததாம். கடன்பட்டுச் சீட்டெடுத்து நான் போய்ச் சேர்ந்தது ஐந்தாம் நாள். எயார்போட்டுக்கு வாகனம் வந்தது, அதற்கு எண்ணெயும் இருந்தது. தம்பலகாமம் தாண்டும்போது வயல் முழுக்கத் தண்ணீர். இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்று சாரதி சொன்னபோது, யாரைப் பார்க்க இந்த அவசரம் என்று நினைத்து வாய்விட்டு அழுதுவிட்டேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து வந்த சனமெல்லாம் கலைந்த பிறகு, மச்சாள் எனக்கு முன்னறையைக் காட்டினாள். கட்டிலுக்குப் புது நுளம்புவலை கட்டியிருந்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. செத்த வீட்டுக்கு யார் சுண்ணாம்பு அடிப்பார்கள்? கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல் கட்டில் விரிப்பை இழுத்து விட்டபடி சொன்னாள்.

“நீங்கள் ஆடியில கதைச்சதுக்கு அடுத்த நாள் அவர்தான் அடிச்சவர். தங்கச்சி வருவாள் எண்டவர். வராத எண்டு சொன்னதா எனக்குச் சொன்னவர்தான், எண்டாலும் வருவாள் எண்டவர்.”

அவள் விரிப்பின் நுனியைச் செருகிவிட்டு, குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், நினைவு வந்ததைச் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

“வரட்டோ எண்டு கேக்கிறாள் பாத்தியே, எண்டு ஒருநாள் சிரிச்சவர்.”

அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. கேட்காமலே அது எனக்குத் தெரியும். இருபத்துமூன்று வயதில் எனக்கு முதல் வேலை மூதூரில், பள்ளிக்கூடத்தில். அங்கே ஒருமுறை காய்ச்சலில் விழுந்தேன். தங்கியிருந்த வீட்டு உம்மா பயந்துபோய் ஊருக்கு அறிவிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றா. காய்ச்சல்தான், ஒருவரும் வர வேண்டாம் என்று அக்கரைக்கு லோஞ்சுப் படகில் போன ஒருவரிடம் சொல்லிவிட்டேன். அடுத்த நாள் முதல் லோஞ்சில் அண்ணா வந்து இறங்கினார். ஒரு கையில் இரண்டு சோடாப் போத்தலும் பாணும், மற்றக் கக்கத்தில் வீட்டில் நான் படுக்கிற தலையணை. வர வேண்டாம் என்றல்லவா சொல்லிவிட்டேன் என்று கோபித்தேன். அதாலதான் வந்தனான் என்றார். அவ்வளவுதான் கதை. நம்மவர்களில் சுகமில்லாதவரிடம் யாராவது வரட்டோ என்று கேட்பார்களா? கேட்டால், வா என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? படலையைத் திறந்துகொண்டு போய் நிற்க வேண்டியதுதான். அதற்கு அவர் ஏன் வந்தாய் என்று ஏச வேண்டும், அந்த ஏச்சுக்குள்ளே அவர் சாப்பிட வேண்டும். இது எனக்குத் தெரியாததா? தெரிந்த ஒன்றைத் தொலைத்துவிட்டு, தொலைத்தது தெரியாமல் அண்ணாவிடமே போய்க் கேட்டிருக்கிறேன். பணம் இல்லாததால் போகவில்லை என்று சொன்னால் கேட்பவர்கள் ஒத்துக்கொள்வார்கள். எனக்குத்தான் மனம் ஒத்துக்கொள்ளுதில்லை. பிறகு கடன்பட்டு வரத் தெரிந்தவளுக்கு ஆடியில் கடன்படத் தெரியாதா?

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து மத்தியானம் போல இவரிடமிருந்து செய்தி வந்தது. எண்ணெய்க்காரன் வந்து தாங்கியை நிரப்பிவிட்டுப் போனானாம். சந்தையில் விலை இறங்கிவிட்டதாம், எங்களுக்கு அந்தப் பழைய விலைதானாம். வீடு நல்ல சூடு, ஒருவரும் இல்லை, எப்ப வாறீர் என்று கேட்டிருந்தார். நான் இரண்டு தரம் வாசித்துவிட்டு, கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

வெளியே மழை விட்டிருந்தது. மச்சாள் காய்ந்தும் காயாமலும் இருந்த உடுப்புகளை அள்ளிக்கொண்டு வந்தாள். அதற்குள்ளே நான் வரும்போது போட்டிருந்த கம்பளிச் சட்டையும் இருந்தது. இந்த மழைக்குள் அதைத் தோய்க்க வேண்டுமென்று யார் கேட்டது? அதை என் கையில் தந்துவிட்டு, அலுமாரியைத் திறந்து மற்றவற்றை அடுக்கத் தொடங்கினாள். பிள்ளையில்லாத வீடு. இனி அவளும் அந்த ஓட்டோவும்தான்.

“போங்கோ மச்சாள்,” என்றாள். “அவர் அங்க தனிய. எனக்கு ஒண்டுமில்லை, நான் இருப்பன்.”

நான் அவளுடைய முகத்தைப் பார்த்தேன். போகச் சொல்கிறாளா? அல்லது அண்ணா வராதே என்று சொன்ன மாதிரிச் சொல்கிறாளா? முந்தியென்றால் முகத்தைப் பார்க்கவும் தேவையில்லை, குரலிலேயே பிடிபட்டிருக்கும். இப்போது எனக்குத் தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அவளைக் கேட்கவும் பயமாக இருந்தது. அவள் அலுமாரிக் கதவைச் சாத்தவில்லை, ஒரு தட்டையும் வெறுமையாக விட்டிருந்தாள். கட்டிலில் பெட்டி திறந்தபடி கிடந்தது. இரண்டுக்கும் நடுவில், அந்தக் கம்பளிச் சட்டையை எதற்குள் வைப்பது என்று தெரியாமல் நான் நின்றேன்.