ஓரக்கோட்டை மறைத்தவன்

ஓய்வு பெற்ற பிறகு, அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். படம் எதுவும் இல்லாமல் எழுத்து மட்டும் வரும் கறுப்புத் திரை. பிரித்துப்போட்டிருக்கும் இயந்திரங்களின் எண்ணும், ஒவ்வொன்றிலும் வேலை செய்பவரின் பெயரும் வரிசையாக வரும். வேலை முடிந்தால் எண்ணை எடுத்துவிடுவார்கள். சுவிட்ச் அறையில் இருப்பவர் அதைப் பார்த்து, பட்டியலில் எண் இல்லாத இயந்திரத்துக்குத்தான் மின்சாரம் கொடுப்பார்.

திரை இருபது வரிகள்தான் கொள்ளும். அதற்கு மேல் போனால் வலது ஓரத்தில் ஒரு கோடு தோன்றும். கீழே இன்னும் இருக்கிறது என்பதற்கு அது ஒன்றே அடையாளம். அந்தக் கோட்டை எப்போதும் தெரியவைக்கலாம், தேவைப்படும்போது மட்டும் தெரியவைக்கலாம், அடியோடு மறைக்கவும் செய்யலாம்.

"அந்தக் கோடு வர்றப்பல்லாம் பேரோட கடைசி எழுத்தைத் தின்னுது சார், எடுத்துடுங்க" என்றார் மேலாளர். பெயர்ப் பத்தியை ஒரு எழுத்து தள்ளி அமைத்திருக்கலாம். அரை நாள் வேலை. சோம்பல்பட்டு, ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கோட்டை மறைத்தேன். அன்று பட்டியலில் எட்டு எண்கள்தான் இருந்தன.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் எல்லா இயந்திரங்களையும் பிரித்துத் துடைப்பார்கள். அது எனக்குத் தெரியாததல்ல. அன்று மதியம் பட்டியலில் இருபத்து மூன்று எண்கள் இருந்தன. துடைத்து முடித்தவற்றை ஓட்டிப் பார்க்க, சுவிட்ச் அறைக்காரர் ஒவ்வொன்றாக மின்சாரம் கொடுத்துக்கொண்டே வந்தார். இருபத்திரண்டாம் வரியில் இருந்த, தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கும் கொடுத்தார். அதற்குள் ஒரு ஃபிட்டரின் வலது கை இருந்தது. மணிக்கட்டோடு போய்விட்டது.

"நா பாத்தேன் சார். அந்த நம்பரு லிஸ்ட்லயே இல்ல. கண்ணு இன்னா அவிஞ்சா பூட்சி எனக்கு?" என்று விசாரணையில் கத்தினார் சுவிட்ச் அறைக்காரர்.

மேலாளர் என்னைப் பார்த்தார்.

"கீழ இருந்துச்சு. அம்புக்குறிய அழுத்தியிருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றேன்.

அது பொய்யில்லை. கோட்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை, மேலாளரும் திறக்கவில்லை. சுவிட்ச் அறைக்காரரை அன்றே வேலையை விட்டு நிறுத்தினார்கள். கிளம்பும் முன், மாற்றிய அந்தச் சொல்லை ஓசையில்லாமல் பழையபடி ஆக்கிவிட்டு வந்தேன்.

சென்ற மாதம் பூந்தமல்லி பஸ் நிலையத்தில் ஷேர் ஆட்டோவில் ஏறினேன். ஓட்டியவர் அந்தச் சுவிட்ச் அறைக்காரர்தான்.

"இன்னா சார், அடையாளம் தெர்லயா?" என்று சிரித்தார். ஆட்டோ ஓட ஓட அவரே பேசினார். "நாந்தான் லிஸ்ட்ட கீய தள்ளிப் பாக்காம வுட்டுட்டேன் சார். அந்த ஃபிட்டரு ஊட்டுக்கு ரெண்டு வாட்டி போனேன், மன்னிப்பு கேக்க. கதவு தொறக்கல. இன்னொரு வாட்டி போணும்."

நான் ஒருமுறைகூடப் போனதில்லை. அந்த வீடு எங்கே என்றும் கேட்டதில்லை. சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன்.

"உங்க ஊடு திருவேற்காட்டுல தான சார்? இன்னும் தூரம் கீதே."

"நடந்துக்கறேன்" என்று சொல்லி இறங்கிவிட்டேன்.