வேலிக்கு அந்தப் பக்கத்து அல்லாஷ்

குட்ரூன் க்ரெட்ச்மர் லைப்சிக் நகர நூற்பாலையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தாள். இந்த மார்ச்சில் இறந்தாள். அடக்கத்தன்று நல்லதாக நிறையப் பேர் சொல்லிவிட்டார்கள். யாரும் சொல்லாதது ஒன்று உண்டு. அவள் பொறாமைக்காரி.

ஊர் எல்லையில் அவளுக்கும் கணவன் லோதாருக்கும் ஒரு தோட்டத் துண்டும் மரக்குடிலும் இருந்தன. இடுப்பளவு வேலிக்கு அந்தப் பக்கம் ரோஸ்வித்தாவின் துண்டு. ஞாயிறு மதியம் பன்றி வறுவல் முடிந்ததும் எல்லாரும் வேலியோரம் நின்று பீர் குடிப்பார்கள். கூடவே சின்னக் கோப்பையில் அல்லாஷ்; சீமைச் சோம்பு ஊறிய, பாகு போன்ற இனிப்பு மது. வயிற்றுக்கு நல்லது என்பது சாக்கு.

அல்லாஷ் எல்லார் வீட்டிலும் உண்டு. ரோஸ்வித்தாவின் போத்தலில் மட்டும் உள்ளே ஒரு குச்சி நின்றது. அதைச் சுற்றிச் சர்க்கரை கிளைகிளையாகப் படிந்து, பனி மூடிய மரம்போல் மின்னியது. லோதார் ஞாயிறுதோறும் வேலியைத் தாண்டினான்.

"என்னமா பூத்திருக்கு பாரு, குட்ரூன்!"

"பனிதானே வேணும்? ஜனவரில சட்டையில்லாம வெளிய நில்லு. உன் மேலயும் பூக்கும்."

"நீயும் வாயேன்," என்றாள் ரோஸ்வித்தா. "ஒரு வாய் குடிச்சா முகம் இனிக்கும்."

"என் முகத்துக்கு என்ன கேடு? அவனுக்கே ஊத்து."

குட்ரூனுக்கு வேண்டியது ஒன்றுதான். தன் போத்தலைப் பார்த்து லோதார் ஒருமுறை அப்படி வாய் பிளக்க வேண்டும்.

சோம்பை இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்தாள். வடிகட்டினாள். கொதிக்கக் கொதிக்கச் சர்க்கரைப் பாகு சேர்த்தாள். குச்சியும் நட்டாள். அப்புறம் காலையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மாலையில் வேலிவரை கொண்டுபோய், அந்தப் பக்க ஜன்னலில் இருந்ததோடு ஒப்பிட்டாள். சர்க்கரை சேறாக அடியில் இறங்கியது. நாலு கோடை இப்படியே போயின.

ரசாயன ஆலையில் வேலை பார்த்த மகன் டீட்மார் விடுமுறையில் வந்து பார்த்தான்.

"நீ எடுத்து எடுத்துப் பாக்கறதுதாம்மா கோளாறு. மூணு வாரம் அசைக்காம விடணும்."

"அவளோடதைவிட வளந்திருக்கான்னு எப்படித் தெரியும்?"

"தெரியவே கூடாது."

புதிதாகக் காய்ச்சி ஊற்றி, அலமாரியில் வைத்துப் பூட்டினாள். சாவி கையிலிருந்தால் திறந்துவிடுவாள். லோதாரிடம் கொடுத்தால் குடித்துவிடுவான். டீட்மார் ஊருக்குப் போய்விட்டான். மிச்சம் ஒருத்திதான். வேலிக்கு மேலே சாவியை நீட்டினாள்.

"உள்ள என்ன? புருஷனா?" என்று கேட்டாள் ரோஸ்வித்தா.

"அவனுக்கு இந்த அலமாரி பத்தாது. ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வரைக்கும் தராதே. நானே கெஞ்சினாலும்."

ஒன்பதாம் நாள் கெஞ்சினாள். ரோஸ்வித்தா தரவில்லை. குட்ரூன் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினாள்.

கடைசி ஞாயிறன்று அலமாரியைத் திறந்தபோது மரம் போத்தலின் தோள்வரை கிளைத்திருந்தது. ஒரு கோப்பை ஊற்றி லோதாரிடம் நீட்டினாள். அவன் குடித்தான், கண்ணை மூடினான், போத்தலைப் பார்த்தான்.

"அடேயப்பா! ரோஸ்வித்தா எப்பக் கொண்டுவந்தா?"

குட்ரூன் கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்கினாள். மறுபடி நிரப்பி, வேலிக்குப் போனாள்.

"குடிச்சுப் பாரு."

ரோஸ்வித்தா முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சின்னச் சின்ன மடக்காகக் குடித்தாள். பார்வை குட்ரூனைத் தாண்டி, குடில் மேசையில் நின்ற போத்தலுக்குப் போய் அங்கேயே இருந்தது.

"இதைத்தான் பூட்டி வச்சியா?"

"ஆமா."

"சோம்பு கொஞ்சம் தூக்கல்."

அந்தக் குரல் குட்ரூனுக்கு நன்றாகத் தெரியும். நாலு கோடையாக அவளே பேசிவந்த குரல். லோதாரின் வாயிலிருந்து எதிர்பார்த்தது வேறு இடத்திலிருந்து வந்திருந்தது. பரவாயில்லை என்று நினைத்தாள். இன்னும் சொல்லப்போனால், இதுதான் அதிகம் இனித்தது.

"இன்னொண்ணு ஊத்தவா?" என்று கேட்டாள்.

ரோஸ்வித்தா வேண்டாம் என்றுதான் சொன்னாள். கோப்பையை மட்டும் திருப்பித் தரவில்லை.