வழியனுப்ப யாரும் வரவில்லை

எவரிஸ்தோ மலபானனுக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. முப்பத்தொரு வருடம் தூதரக வேலை, ஏழு தலைநகரங்கள். எந்த வீட்டிலும் ஐந்து வருடத்துக்கு மேல் குடியிருந்ததில்லை. ஓய்வு பெற்று பத்தாங்காஸ் மாகாணத்தில் இருக்கும் சொந்த ஊருக்குத் திரும்பியவர் நாலு மாதம்கூடச் சும்மா இருக்கவில்லை. மேயர் தேர்தலில் நின்றுவிட்டார். எதிராளி சேவல் சண்டை நடத்துகிறவன். ஊரில் ஒரு சாவு, ஒரு ஞானஸ்நானம் விடமாட்டான். "விருந்தாளிக்கா ஓட்டு?" என்று கேட்பதுதான் அவனுடைய மொத்தப் பிரச்சாரமும். அது எவரிஸ்தோவுக்குச் சுருக்கென்று தைத்தது. தானும் இந்த ஊர்க்காரன்தான் என்று காட்டியே தீர வேண்டும் என்ற தவிப்பில் அவர் கால் தரையில் பாவவில்லை.

தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கையில் மலையடிக் கிராமத்தின் தலைவர் செனென் இறந்துபோனார்.

"அவர் வீட்டம்மா இசாபெல் கண்ணசைச்சா அறுநூறு ஓட்டுண்ணே," என்றான் சித்தப்பா மகன் மெல்கோர். "போங்க, உட்காருங்க, காபி குடிங்க. பேச்சு மட்டும் வேணாம்."

மத்தியான வெயிலில் போனார்கள். பந்தலில் துக்கத்துக்கு வந்தவர்களின் சீட்டாட்டம், கூடத்தில் சவப்பெட்டி. எவரிஸ்தோ பெட்டியருகே முழுசாக ஒரு மணி நேரம் உட்கார்ந்ததே அதிசயம். பிறகு எழுந்து வாசலில் போய் நின்றார். விருந்தாளி கிளம்பினால் வீட்டுக்காரர் வந்து கைகுலுக்கி வண்டி ஏற்ற வேண்டும். அவர் உலகத்தில் அதுதான் மரியாதை. யாரும் வரவில்லை. கூச்சப்படுகிறார்கள் போலும் என்று நினைத்து, "வாங்கம்மா, வண்டி வரைக்கும்," என்று கையை நீட்டினார்.

சீட்டாட்டம் நின்றது. பெரிய மனிதர் கூப்பிடுகிறாரே என்று இசாபெல் பாதி எழுந்தாள். கர்ப்பிணி மகள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வேணாம்மா, போகாத."

மெல்கோர் ஓடிவந்து அவரை வண்டிப் பக்கம் தள்ளினான். "சாவு வீட்டுல யாரையும் வழியனுப்ப மாட்டாங்கண்ணே. அனுப்பினா அடுத்த சாவும் அதே வீட்டுலதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே."

எவரிஸ்தோவுக்கு முகம் செத்துப்போனது. வண்டியில் ஏற மனசு வரவில்லை. திரும்பி உள்ளே போனார்.

"மன்னிச்சுக்கங்கம்மா. எனக்கு நிஜமாவே தெரியல."

இசாபெல் கோபப்பட்டிருந்தால் தேவலை.

"உங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்? உங்கம்மா போனப்ப ஏழு நாள் நாங்க இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம். நீங்க ஏதோ மாநாட்டுல இருந்தீங்களாம். மகன் இடம் காலியா இருக்கக் கூடாதுன்னு இவருதான் பெட்டி பக்கத்துல உட்கார்ந்தாரு."

வெளியே மெல்கோர் விடாமல் ஹாரன் அடித்தான். ஐந்து மணிக்கு அடுத்த ஊரில் கூட்டம். அந்தக் கூட்டம் நடக்காததால்தான் அண்ணன் தோற்றார் என்று இன்றைக்கும் அவன் சொல்லித் திரிகிறான். உள்ளே மறுபடி பெட்டியருகே உட்கார்ந்த எவரிஸ்தோ எழுந்திருக்கவே இல்லை. செனெனின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு, பதினாலு வருடம் கழித்து, தன் அம்மாவுக்காக அழுதுகொண்டிருந்தார்.