ஒதெத் காத்திருந்த பத்து நாள்

1978-ஆம் ஆண்டுக் கோடை, பிரான்ஸின் பர்கண்டியில் குளிரும் தூறலுமாகவே கழிந்தது. மோந்தெலி கிராமத்துச் சரிவில் திராட்சை பட்டாணி அளவிலேயே நின்றுவிட்டது. கிடைத்ததைப் பறித்துவிடலாம் என்றார் அப்பா. முப்பத்தொரு வயது மகள் ஒதெத், கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றாள். செப்டம்பரில் வானம் வெளுத்தது; மூன்று வாரம் நல்ல வெயில். அக்டோபரில் பறித்த அந்தப் பழத்தின் ஒயினுக்கு பாரிஸிலிருந்து ஆட்கள் தேடி வந்தார்கள்.

அதன் பிறகு எந்த நாளில் பறிப்பது என்பதை அவள்தான் முடிவு செய்தாள். அப்பா இறந்து, தோட்டம் அவளுக்கும் தம்பி ரெமிக்கும் ஆளுக்குப் பாதியாக வந்தபோதும் அது மாறவில்லை.

1994-இல் ஆகஸ்ட் நன்றாகக் காய்ந்தது. பழம் கறுத்து இனிப்பு ஏறும் வேளையில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டங்களில் நனைந்துகொண்டே பறித்தார்கள். ரெமி சேற்றுக் காலோடு சமையலறைக்குள் வந்தான்.

"அக்கா, நாளைக்கே ஆள எறக்கிடலாம். தோலு மெத்துமெத்துன்னு ஆயிடுச்சு."

"இப்பப் பறிச்சா தண்ணியத்தான் பிழியணும். வடக்குக் காத்து அடிச்சா காஞ்சிடும்."

"அடிக்கலேன்னா?"

"எழுபத்தெட்டுல அப்பாவும் இப்படித்தான் பயந்தாரு."

"அது அந்த வருஷம்க்கா."

அவள் சூப்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். அவன் போய்விட்டான்.

பத்து நாளாகியும் காற்று திசை மாறவில்லை. பதினோராம் நாள் கொடியருகே குனிந்தபோது குலைகளில் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. நல்லதைப் பொறுக்கிவிட்டு மற்றதைக் கீழே போடச் சொன்னாள்.

"கூடைய ஏன் தூக்கிட்டு வந்தோம்னு தெரியல, எல்லாம் தரைக்குத்தான் போவுது" என்றாள், வருடா வருடம் பறிக்க வரும் வாண்டா.

வசந்தத்தில் பீப்பாயிலிருந்து எடுத்த ஒயினை ரெமி முகர்ந்தான். நனைந்த சாக்கின் நாற்றம்.

"இதுல நம்ம பேரு ஒட்ட வேணாம்" என்றாள் ஒதெத். "சாராயம் காய்ச்சுறவங்களுக்கு அனுப்பிடு. தப்பு என்னோடதுதான்."

"என் பாதிய வித்துடலாம்னு இருக்கேன்க்கா."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல. இன்னொரு வருஷம் உன்கூட நின்னு வானத்தப் பாக்கத் தெம்பில்ல."

ரெமி தன் பாதியை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு, உடம்பு ஓயும்வரை, மோந்தெலியில் முதலில் பறித்தவள் ஒதெத்தான். மேகம் திரண்டாலே ஆளை இறக்கிவிடுவாள். ஒயின் ஒரு வருடமும் கெடவில்லை. ஆனால் ஒவ்வொரு புட்டியிலும் பழுக்காத காயின் புளிப்பு இருந்தது. கிறிஸ்துமஸ் விருந்தில் ரெமி அதைக் குடித்துவிட்டு, "நல்லாருக்குக்கா" என்பான். அவள் தட்டைப் பார்த்தபடி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.