போர்டண்ணன் நடத்திய வகுப்பு

தகட்டை அழுத்தி டப்பா மூடி அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்குப் போர்டண்ணன் என்று பெயர். புதிதாக ஆள் சேரும்போதெல்லாம் பயிற்சி அறையில், பாதுகாப்பு விதிகள் எழுதிய போர்டுக்குப் பக்கத்தில் அவரை நிறுத்திவைப்பார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டு, கட்டைவிரல் மட்டும் மிஞ்சிய வலது கையைத் தூக்கிக் காட்டுவார். பிறகு ஒப்பிப்பார்.

"மெஷின் மேல தப்பில்ல. கதவைத் திறந்து வச்சு ஓட்டாதேன்னு கம்பெனி சொல்லுச்சு. நான்தான் கேக்காம சுவிட்ச்சுல கம்பியைக் கட்டி ஓட்டினேன். என்னைப் பாத்துத் திருந்துங்க."

"அண்ணே, சம்பளத்தை எந்தக் கையால எண்ணுவீங்க?" என்று பின்வரிசையிலிருந்து எவனாவது கேட்பான். அறையே சிரிக்கும். அவரும் சிரிப்பார். அதுவும் அந்த வேலையில் சேர்த்திதான்.

உண்மையில் கம்பியைக் கட்டியவர் ஃபோர்மேன். பிரஸ் மெஷினுக்கு முன்னால் ஒரு வலைக்கதவு உண்டு. அதை மூடினால்தான் மெஷின் அடிக்கும். ஒவ்வொரு தகட்டுக்கும் மூடித் திறந்துகொண்டிருந்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று, கதவு மூடியிருப்பதாக மெஷினை ஏமாற்ற, எல்லா சுவிட்சிலும் கம்பி சுற்றிவைத்திருந்தார். போர்டண்ணனின் விரல்கள் தகட்டோடு தகடாய்ப் போன அன்று, ரத்தத்தைக் கழுவுவதற்கு முன்பே கம்பிகளை அவிழ்த்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், காரில், மேனேஜர் அவர் தோளை அணைத்துக்கொண்டார். "கேஸு கீஸுன்னு போனா வருஷக்கணக்கா இழுப்பாங்கப்பா. இந்தக் கையோட உனக்கு எவன் வேலை தருவான்? வீட்டு வாசக்கதவுல நசுங்குச்சுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடு. காலம் பூரா உன்னை நாங்க பாத்துக்கறோம்."

அப்படியே சொன்னார். இழப்பீடு கேட்பதற்கான கெடு முடிந்த பிறகுதான் வகுப்பில் ஒப்பிக்கும் அந்த வசனத்தை எழுதி அவர் கையில் கொடுத்தார்கள், மிச்சமிருந்த கையில்.

மனைவியின் தம்பியை அதே தொழிற்சாலையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து, மாமாவின் நடிப்பைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தான் அவன். பிரஸ்ஸில் ஏறிய முதல் நாளே வந்து நின்றான்.

"மாமா, ஃபோர்மேன் என் மெஷின்லயும் கம்பி கட்டறாரே?"

"எல்லாத்துலயும் கட்டறதுதான் மச்சான். பேசாம ஓட்டு."

அவன் பேசாமல்தான் ஓட்டினான். மெஷின் அவனுடைய இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டது.

தம்பிக்கு இழப்பீடு கேட்டுப் போட்ட மனுவின் விசாரணைக்கு முதல் நாள் மனைவி அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். "ஏங்க, உங்களுக்குத்தான் வாயில்லாமப் போச்சு. என் தம்பிக்காவது வாயைத் திறங்க."

தொழிலாளர் அதிகாரியின் அறையில் அவர் வாயைத் திறந்தார். கம்பியைக் கட்டியது யார், அவிழ்த்தது யார், ஒன்றுவிடாமல் சொன்னார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"தொழிலாளி கவனக்குறைவா இருந்திருந்தாலும் வேலையில அடிபட்டா இழப்பீடு உண்டுங்க. உங்களுக்கே கிடைச்சிருக்கும். ஏன் கேக்கல?"

போர்டண்ணன் எதிரில் உட்கார்ந்திருந்த மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். அப்படி ஒரு உரிமை இருப்பதை அப்போதுதான் கேள்விப்படுகிறார்.

மேனேஜர் அவசரப்படவில்லை. "பையனேதான் கம்பியைக் கட்டிக்கிட்டான் சார். கூடாதுன்னு வகுப்புலயே சொல்லியிருக்கோம்" என்று செல்போனை எடுத்து மேசைமேல் வைத்தார். 'மெஷின் மேல தப்பில்ல' என்று போர்டண்ணனின் குரலே பேசியது. படம் மெல்லத் திரும்பி முன்வரிசையைக் காட்டியது. கைகளைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான் மச்சான்.

அதிகாரியின் முகம் இறுகியது. "கூடாதுன்னு சொல்லியும் வேணும்னே பாதுகாப்பைக் கழட்டினா சட்டம் கையை விரிச்சிடும். இந்தப் பையனுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. சொல்லிக் குடுத்ததே நீங்கதானே?"

"அது அவங்க எழுதிக் குடுத்தது சார்..."

"டாக்டர்கிட்ட வாசக்கதவுன்னீங்க. வகுப்புல நானே கட்டினேன்னீங்க. இப்ப ஃபோர்மேன்ங்கறீங்க. இதுல எதை நான் நம்ப?"

மற்றவர்களைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். ஃபோர்மேன் கம்பி கட்டியதை அந்தத் தொழிற்சாலையில் எவனுமே பார்த்ததில்லையாம். மனு தள்ளுபடியானது.

அந்த வாரமே மேனேஜர் வீட்டுக்கு வந்தார். மச்சானின் தோளை அணைத்துக்கொண்டு, காலம் பூரா வேலை என்றார். வாசலில் செருப்பை மாட்டும்போது போர்டண்ணனிடம், "பயிற்சி ரூமுக்கு ஒரு ஆள் போதும்ப்பா. நீ இனிமே வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சானுக்கு மனப்பாடம் சுலபத்தில் வரவில்லை. 'கம்பெனி சொல்லுச்சு' என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் நாக்கு நின்றுவிடும். அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். இந்த முறை அவள் அழவில்லை.

"ஏங்க, சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்களே. ஒழுங்கா சொல்லிக் குடுங்க. இந்தச் சம்பளமும் போச்சுன்னா மூணு பேரும் எங்க போறது?"

அவர் எழுந்து போய் மச்சானின் சட்டைக் கைகளை மடித்துவிட்டார். அவனால் மடித்துக்கொள்ள முடியாது.

"முதல்லேர்ந்து சொல்லு. மெஷின் மேல தப்பில்ல..."

அவன் முழுதும் சொல்லி முடித்தான். பிறகு கேட்டான்: "மாமா, நடுவுல சிரிப்பாங்களா?"

"சிரிப்பாங்க," என்றார். "நீயும் சிரிச்சிடு."